பகல் பத்து மணிக்கு அறைக்குள் என்ன நடக்கிறது?

கிறிஸ்தவத் துறவைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகளில் ஒன்றைக் கேட்டே தீர வேண்டும். "கொடுத்து வைத்தவர்கள், பிக்கல் பிடுங்கல் கிடையாது, நாள் முழுக்கச் செபம்தான்" என்பது ஒன்று. "பொறுப்புகளைத் தட்டிக்கழித்துவிட்டு ஓடி ஒளிந்துகொண்டவர்கள்" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் இரண்டு நாள் மௌனத் தியானத்துக்குப் போய்விட்டு மனசு லேசாகித் திரும்பியவராக இருப்பார். இரண்டாவதைச் சொல்பவர் ஒரு துறவியோடு அரை மணி நேரம்கூடப் பேசியிருக்க மாட்டார். ஒருவர் புகழ்கிறார், மற்றவர் இகழ்கிறார். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே நிம்மதி காத்திருக்கிறது என்பதில் இருவருக்கும் கொஞ்சமும் சந்தேகமில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் வாழ்ந்து பார்த்தவர்கள் எழுதிவைத்ததைப் படித்தால், அப்படிச் சொன்னவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதில் என் எண்ணம் வேறு. கிறிஸ்தவ மரபு தனிமையை எவ்வளவு மதித்ததோ அவ்வளவுக்கு அதைக் கண்டு பயந்தும் இருந்தது. கடும் மருந்தைக் கையாளுவதுபோல அதற்கு அளவு குறித்தது, பத்தியம் விதித்தது, நாடி பார்க்க ஒருவரைப் பக்கத்திலேயே வைத்தது. பெயர்பெற்ற தனித்துறவி யாரை எடுத்துக்கொண்டாலும், அவருக்கு ரொட்டி கொண்டுவந்தது யார், அவர் மனதில் ஓடியதைக் கேட்டது யார், அவர் ஒரு நாள் காணாமல் போனால் தேடி வந்திருக்கக் கூடியவர் யார் என்று விசாரித்துப் பார்க்க வேண்டும். இந்த வழி எப்படிக் கடவுளிடம் போகிறது என்பது அப்போதுதான் கொஞ்சமாவது பிடிபடுகிறது.

எகிப்தின் பாலைவனத் துறவிகளுக்குத் தந்தை என்று மதிக்கப்படும் வனத்து அந்தோனியாரையே எடுத்துக்கொள்வோம். கோயிலில் "உம் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடும்" என்ற வாசகம் காதில் விழுந்தது, விற்றார், கொடுத்தார், பாலைவனத்துக்குப் போய்விட்டார் என்று பிரசங்கங்களில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதிய வரலாற்றில் அந்த வாசகத்துக்கும் பாலைவனத்தில் அவர் தனித்து அடைபட்ட கோட்டைக்கும் நடுவே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. தங்கையை நம்பிக்கையான கன்னியரிடம் ஒப்படைத்தார். பக்கத்து ஊரில் இளமையிலிருந்தே தனித்து வாழ்ந்துவந்த ஒரு பெரியவரிடம் போய்ப் பழகினார். நல்ல துறவி என்று யாரைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் நடந்தே போய்ப் பார்த்து, ஒருவரிடம் கனிவையும் இன்னொருவரிடம் விழிப்பையும் மற்றொருவரிடம் பொறுமையையும் கற்றுக்கொண்டார். அப்புறம் ஊருக்கு வெளியே கல்லறைகளுக்கு நடுவில் கொஞ்ச காலம். சுமார் 35 வயதில்தான் நைல் நதியைக் கடந்து, பாழடைந்த கோட்டை ஒன்றுக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொண்டார். அங்கே இருபது ஆண்டுகள் இருந்தார். அப்போதும் வருடத்துக்கு இருமுறை, ஆறு மாதத்துக்கான ரொட்டியைக் கூரை வழியாக இறக்கிக்கொடுக்க ஆள் இருந்தது.

கடைசியில் நண்பர்கள் வாசலை உடைத்தார்கள். வெளியே வந்தவரின் உடல் பருக்கவும் இல்லை, வற்றவும் இல்லை. கூட்டத்தைக் கண்டு அவர் எரிச்சல்படவில்லை, இத்தனை பேர் கும்பிடுகிறார்களே என்று பூரிக்கவும் இல்லை. அவர் செய்த குணமாக்குதல்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே அத்தனாசியார் இதைச் சொல்லிவிடுகிறார். இருபது ஆண்டுத் தனிமை கெடுக்காத மனிதர் என்பதுதான் முதல் அதிசயம். பின்னாளில் செங்கடல் பக்கத்து மலைக்குப் போனபோது, தனக்காக யாரும் ரொட்டி சுமக்க வேண்டாம் என்று மண்வெட்டியும் விதைத் தானியமும் கேட்டு வாங்கிப் பயிரிட்டார். தேடி வருகிறவர்கள் களைத்து வருகிறார்களே என்று அதோடு கொஞ்சம் கீரை காய்களும் போட்டார்.

நாலாம் மணி முதல் எட்டாம் மணி வரை

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மிகக் கூர்மையாக எழுதிவைத்தவர் எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டினோபிளில் திருத்தொண்டராக இருந்த படிப்பாளி. எகிப்துக்கு வந்து நித்ரியா என்ற துறவியர் குடியிருப்பில் இரண்டு ஆண்டும், இன்னும் உள்ளே தள்ளியிருந்த கெல்லியாவில் பதினான்கு ஆண்டும் வாழ்ந்து 399இல் இறந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. துறவியைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாகப் பிரித்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, ஆணவம். பின்னால் மேற்கே போய்த் தலையான பாவங்கள் ஏழு என்று ஆனது இந்தப் பட்டியலின் வழியில் வந்ததுதான். எட்டில் ஆறாவதாக நிற்கும் சோர்வையே அவர் எல்லாவற்றிலும் கொடியது என்கிறார். அதற்கு நண்பகல் பிசாசு என்றும் பெயர்.

அது வரும் நேரத்தையும் குறிக்கிறார்: நாலாம் மணி முதல் எட்டாம் மணி வரை. சூரிய உதயத்திலிருந்து கணக்கிட்டால் நம் கடிகாரத்தில் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரை. ஏன் அந்த நேரம் என்பதற்குப் பேயைத் தேடிப் போகவே வேண்டாம். துறவி இரவிலேயே எழுந்து திருப்பாடல்கள் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் மணி, அதாவது சுமார் மூன்று மணிக்குத்தான் அன்றைய ஒரே சாப்பாடு. காலையிலிருந்து ஒரே ஓலையை ஒரே மாதிரி முடைந்துகொண்டிருக்கிறார். வெயில் ஏறுகிறது. வயிறு காலி, கண் கனக்கிறது, எதிரே சுவர். உடல் தளரும் அந்த நேரம் பார்த்துத்தான் மனம் பேச ஆரம்பிக்கிறது.

அது பேசும் வரிசையை எவாக்ரியுஸ் படிப்படியாகக் காட்டுகிறார். முதலில் சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுகிறது; பகலுக்கு ஐம்பது மணி நேரம் இருக்கும்போல. கண் அடிக்கடி சன்னலுக்குப் போகிறது. பிறகு கால் எழுந்துவிடுகிறது. வெளியே வந்து, ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கிறார். பார்த்த கையோடு, சகோதரர் யாராவது இந்தப் பக்கம் வருகிறாரா என்று நாலாபுறமும் ஒரு நோட்டம். யாரும் வரவில்லை. அங்கிருந்து பேச்சு திசை மாறுகிறது. இந்த இடமே பிடிக்காமல் போகிறது, இந்த வாழ்க்கை பிடிக்காமல் போகிறது, கை வேலை பிடிக்காமல் போகிறது. சகோதரர்களிடம் அன்பு என்பதே இல்லாமல் போயிற்று, ஆறுதல் சொல்லக்கூட ஒருவரும் இல்லை என்று படுகிறது. சமீபத்தில் யாராவது மனம் நோகும்படி பேசியிருந்தால் அது சரியாக இந்த நேரத்தில் நினைவுக்கு வரும். அடுத்து வேறோர் இடம் கண்ணில் தெரிகிறது: அங்கே தேவைகள் எளிதாகக் கிடைக்கும், தொழிலும் இவ்வளவு கஷ்டமில்லை. கடவுளுக்கு உகந்தவனாக வாழ இடம் ஒரு பொருட்டா, அவரை எங்கிருந்தும் வழிபடலாமே! கடைசியில் சொந்தபந்தங்களின் முகம், பழைய வாழ்க்கை, இன்னும் கிடக்கும் நீண்ட ஆயுள். அத்தோடு அறையைப் போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான் பாக்கி.

இதில் எந்த வரியும் பச்சைப் பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுளை எங்கும் வழிபடலாம் என்பது வேதமே சொல்வது. எகிப்தியத் துறவிகளோடு வாழ்ந்து, அவர்களிடம் கேட்டதைப் பின்னால் மேற்கே எழுதிவைத்தவர் யோவான் கசியான். இதே சோர்வைப் பற்றி லத்தீனில் எழுதும்போது அவர் ஒரு படி மேலே போகிறார். அந்த நேரத்தில் நோயாளிகளைப் பார்க்கப் போகலாமே என்று தோன்றும், சொந்தபந்தம் இல்லாத பக்தியுள்ள பெண்மணிக்கு ஒத்தாசை செய்யலாமே என்று தோன்றும் என்கிறார். எல்லாம் புண்ணிய காரியங்கள். பெரிய பாவத்துக்கு இழுத்தால் துறவி சுதாரித்துக்கொள்வார்; நல்ல காரியமாக வந்து நிற்பதை எப்படிப் பிடிப்பது? பிடிக்க ஒரே வழி நேரம்தான். நேற்றும் பத்து மணிக்கே தோன்றியது, முந்தாநாளும் பத்து மணிக்கே தோன்றியது, சாப்பிட்ட பிறகு தோன்றவில்லை என்றால் அது அன்பினால் வந்த எண்ணமில்லை.

அதற்கான மருந்தும் அதே கறார்த்தன்மையோடு இருக்கிறது. சோதனை வேளையில் அறையை விட்டு வெளியேறாதே. எவ்வளவு நியாயமான காரணம் தோன்றினாலும் சரி. தப்பித்து ஓடிப் பழகிய மனம் திறமையற்றதாக, கோழையாக ஆகிவிடும் என்பது எவாக்ரியுஸ் தரும் காரணம். அடுத்தது, ஆன்மாவை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதி ஆறுதல் சொல்ல, மறுபாதி கேட்க. "என் நெஞ்சே, நீ ஏன் தளர்ச்சியுறுகிறாய்?" என்ற 42ஆம் திருப்பாடலின் வரியை அதற்குக் கையில் கொடுக்கிறார். ஒவ்வோர் எண்ணத்துக்கும் பதிலாகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களை எட்டுப் பகுதிகளில் தொகுத்துத் தனி நூலாகவே எழுதிவைத்தார். எகிப்தியப் பாலைவனத்து இன்னொரு மூப்பரான அர்செனியுஸ் இன்னும் இறங்கி வருவார். நோன்பிருக்கவும் முடியவில்லை, வேலை செய்யவும் முடியவில்லை, நோயாளிகளையாவது பார்க்கப் போகட்டுமா என்று வந்து நின்ற சகோதரரிடம், "போய்ச் சாப்பிடு, குடி, தூங்கு, வேலைகூடச் செய்யாதே, அறையை விட்டு மட்டும் போகாதே" என்றார். நோன்பைக் குறைக்கலாம், தூக்கத்தைக் கூட்டலாம், ஆனால் இடத்தை மாற்றக் கூடாது. ஸ்கேத்திஸ் என்ற எகிப்தியப் பாலைவனத்தில் அறிவுரை கேட்டு வந்தவரிடம் தந்தை மோசே, அறையில் போய் உட்கார், அது எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும் என்று சொன்னது மேற்கோளாகவே நிலைத்துவிட்டது. பத்து மணிக்கு நடப்பதைப் படித்துவிட்டுப் பார்த்தால், அந்த அறை நடத்தும் பாடம் எவ்வளவு கசப்பானது என்பது விளங்கும்.

இந்தப் பிசாசைத் தாக்குப்பிடித்துவிட்டால் அதைத் தொடர்ந்து உடனே வேறொன்று வராது, ஓர் அமைதியும் சொல்லவொண்ணா மகிழ்ச்சியும் வரும் என்றும் எவாக்ரியுஸ் எழுதுகிறார். மௌனத் தியானத்துக்கு இரண்டு நாள் போய்வருகிறவர் ருசி பார்ப்பது இந்த அமைதியைத்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஓய்வு. ஓய்வும் நல்லதுதான்.

கையில் ஓலை

அந்தோனியாருக்கே ஒருமுறை இந்தச் சோர்வு வந்தது. "ஆண்டவரே, நான் மீட்படைய விரும்புகிறேன், இந்த எண்ணங்கள் விடமாட்டேன் என்கின்றன" என்று முறையிட்டுவிட்டு வெளியே வந்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுந்து செபித்தார், மறுபடி உட்கார்ந்து திரித்தார், மறுபடி எழுந்தார். வானதூதர் அவர். "இப்படிச் செய், மீட்படைவாய்." காட்சி என்றால் ஒளிவெள்ளம் வேண்டும், ஒரு மறைபொருளாவது வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். காட்டப்பட்டது ஒரு கால அட்டவணை.

செபிப்பதற்காகப் போனவர்கள் ஏன் விடாமல் வேலை செய்தார்கள் என்பதற்குப் பிழைப்பு ஒரு காரணம். கூடையை விற்றுத்தான் ரொட்டி வாங்க வேண்டும், மிஞ்சியது ஏழைகளுக்கு. ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்பதற்குக் கசியான் ஒரு சாட்சி வைத்திருக்கிறார். பவுல் என்ற மூப்பர் சந்தையிலிருந்து ஏழு நாள் பயணத் தொலைவில் இருந்தார். கூடையைக் கொண்டுபோய் விற்றால் வண்டிக்கூலிகூட மிஞ்சாது. சாப்பாட்டுக்கு அவரிடமே பேரீச்சை மரங்களும் சிறு தோட்டமும் இருந்தன. ஆனாலும் நாள்தோறும் தனக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு வைத்து ஓலை முடைந்தார். வருட முடிவில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கைக்கு வேலை இல்லாமல் ஒருவர் தன் இடத்தில் நிலைக்க முடியாது என்பதற்காகவே கசியான் இதைச் சொல்கிறார். வேலைக்கும் ஒரு தகுதி வேண்டும்: கை பழகிவிட்டால் மனம் தேவைப்படக் கூடாது. ஓலை முடைவது, கயிறு திரிப்பது எல்லாம் அந்த ரகம். கணக்கு வழக்கு பார்க்கும் வேலை இதற்கு உதவாது.

கை அதில் இருக்கும்போது வாய்க்கு ஒரு வரி. "கடவுளே, என்னை விடுவியும், ஆண்டவரே, எனக்குத் துணைசெய்ய விரைந்து வாரும்" என்ற 70ஆம் திருப்பாடலின் தொடக்கத்தை நாள் முழுக்க, எழும்போதும் தூங்கும்போதும், பசியிலும் கோபத்திலும் சொல்லச் சொல்கிறார் கசியான். இந்த வரியைத் தேர்ந்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: எந்த மனநிலைக்கும் பொருந்தும், எதையும் கற்பனை செய்யச் சொல்லாது, "என்னால் ஆகாது" என்று மட்டும் ஒப்புக்கொள்ளும். கிழக்கில் இந்த இடத்தைப் பிடித்தது, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கம் வையும்" என்ற இயேசு செபம். கிரேக்கத் துறவியர் வாழும் அத்தோஸ் மலையில் இன்றும் நூறு முடிச்சுக் கயிற்றில் எண்ணிச் சொல்கிறார்கள். மூச்சோடு இணைத்துச் சொல்லும் முறையும் உண்டு. அதைக் குரு இல்லாமல் தொடாதே என்று எச்சரித்தவர்கள் அதைக் கற்றுக்கொடுத்தவர்களேதான். எண்ணிக்கையும் மூச்சும் பிடிபட்டதும், ஏதோ பெரிய அனுபவம் வந்துவிட்டதாக மனம் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும். எட்டில் ஏழாவது எண்ணத்துக்கு அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

பானையை உடைத்தவர்

மடத்தில் இருந்த ஒரு சகோதரருக்கு அடிக்கடி கோபம் வந்தது. "நான் தனியாகப் போய்விடுகிறேன்; பேசவும் கேட்கவும் ஆளில்லாவிட்டால் கோபம் எங்கிருந்து வரும்?" என்று கிளம்பிப்போய்க் குகையில் தங்கினார். ஒரு நாள் பானையில் தண்ணீர் மொண்டு தரையில் வைத்தார், சாய்ந்து கொட்டிவிட்டது. மறுபடி நிரப்பினார், மறுபடி கொட்டியது. மூன்றாம் தடவையும் கொட்டியதும் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தார். பிறகு உட்கார்ந்து யோசித்து, இங்கே யாருமே இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது என்று கண்டுகொண்டு மடத்துக்கே திரும்பினார். கசியானும் இதைப் பார்த்திருக்கிறார். தனிமையில் இருப்பவர்கள் தடித்துப்போன எழுதுகோல் மீதும், மொக்கையான கத்தி மீதும், சீக்கிரம் பொறி கிளம்பாத சிக்கிமுக்கிக் கல் மீதும் சீறுவதைப் பற்றி எழுதுகிறார். சக துறவி மேல் கோபப்பட்டால் அவர் திருப்பிக் கேட்பார், மன்னிப்புக் கேட்க வேண்டிவரும், குணம் கொஞ்சம் தேயும். கல்லிடம் யார் மன்னிப்புக் கேட்பது? தனிமையில் குறை மறைந்திருக்கும், ஆறாது.

இதே வாதத்தைத்தான் கிழக்கில் மடங்களுக்கு ஒழுங்கு வகுத்த ஆயர் பெரிய பசிலியார் 4ஆம் நூற்றாண்டிலேயே முகத்துக்கு நேராகக் கேட்டார். ஆண்டவர் சீடர்களின் காலடிகளைக் கழுவினார். தனியாக வாழும் நீ யாருடைய காலைக் கழுவுவாய்? யாருக்குப் பணிவிடை செய்வாய்? எல்லோருக்கும் கடைசியாக இரு என்கிறார் ஆண்டவர். ஆளே இல்லாத இடத்தில் யாருக்குக் கடைசியாக இருப்பாய்? தன்னைத் திருத்த ஒருவரும் இல்லாதவன் தன் குறையையே அறியமாட்டான் என்பது அவருடைய அடுத்த அடி. தனிமரம் தோப்பாகாது என்று நம்மவர்கள் சொல்வதை அவர் வேதத்தை வைத்து வாதாடுகிறார். இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனித்துறவிகளில் நல்லவர்கள் இதை மறுக்கவில்லை. கேள்வியை ஏற்றுக்கொண்டு தங்கள் வாழ்க்கையை அதற்கேற்ப வளைத்துக்கொண்டார்கள்.

வளைக்காதவருக்கு என்ன ஆயிற்று என்பதற்கு ஏரோன். ஐம்பது ஆண்டுகள் பாலைவனத்தில் கடும் தவம் செய்தவர். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டருக்கு)க்கூடச் சகோதரர்களோடு வந்து உட்காரமாட்டார். உட்கார்ந்தால் கொஞ்சம் பருப்பு பயறு சாப்பிட வேண்டிவரும், விரதம் தளர்ந்ததாகத் தெரியும். கடைசியில் வானதூதர் வடிவில் வந்த ஒன்று, உன் தவத்தின் பலத்தால் உனக்கு எதுவும் ஆகாது என்று சொல்ல, அதை நம்பி ஆழக் கிணற்றில் குதித்தார். மிகுந்த பாடுபட்டுத் தூக்கினார்கள், மூன்றாம் நாள் இறந்தார். ஏமாந்துபோனேன் என்று சாகும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விரதமோ விழிப்போ குறைந்ததால் அவர் விழவில்லை. பகுத்துணரும் திறன் இல்லாததால் விழுந்தார் என்று கசியான் தீர்ப்புச் சொல்கிறார்.

இதற்குப் பக்கத்தில் இன்னோர் உயிர்ப்புப் பெருவிழாவை வைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலியின் சுபியாக்கோ குகையில், பின்னாளில் மேற்கத்திய மடங்களுக்கு வழிகாட்டியான இளம் பெனடிக்ட் மூன்று ஆண்டுகள் ஒளிந்திருந்தார். ரொமானுஸ் என்ற துறவி தன் பங்கிலிருந்து ரொட்டியை மிச்சம் பிடித்து, கயிற்றில் கட்டி, கூடவே ஒரு மணியையும் கட்டி இறக்குவார். ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு குரு உணவோடு தேடி வந்து, "இன்று உயிர்ப்புப் பெருவிழா, வாரும், சாப்பிடுவோம்" என்றார். பெனடிக்டுக்கு அன்று என்ன நாள் என்றே தெரியாது. "உம்மைப் பார்த்துவிட்டேனே, அதனால் இன்று உயிர்ப்புப் பெருவிழாதான்" என்றார். அது திருநாளே என்று குரு மறுபடி உறுதிசெய்ய வேண்டியிருந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏரோனுக்குத் திருநாள் தெரியும், ஆனால் வரவில்லை. பெனடிக்டுக்குத் திருநாளே மறந்துபோயிருந்தது, ஆனால் வந்த மனிதரைத் திருப்பி அனுப்பவில்லை. ஒரே குகை வாழ்க்கை எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்த பெனடிக்ட் பிற்காலத்தில் 73 இயல்களில் தன் ஒழுங்குமுறையை எழுதியபோது, முதல் இயலிலேயே தனித்துறவிக்கு ஒரு நிபந்தனை போட்டார். புதிதாக மனம் மாறிய சூட்டில் போகிறவர் அல்லர், மடத்தில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டு, பலருடைய துணையோடு போரிடக் கற்றுக்கொண்டவரே தனியே போகலாம். தான் செய்ததைப் போலச் செய்யாதீர்கள் என்று சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. மடத்துக்கே யாரையும் லேசில் சேர்க்கக் கூடாது. நாலைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும், பிறகு பன்னிரண்டு மாதச் சோதனை, அதற்குள் மூன்று முறை முழு ஒழுங்குமுறையையும் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது 58ஆம் இயல். 692இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் இதைச் சட்டமாகவே ஆக்கியது: அடைபட்டு வாழ விரும்புகிறவர் மூன்று ஆண்டு மடத்தில் கீழ்ப்படிந்திருக்க வேண்டும், விசாரணைக்குப் பின் இன்னும் ஓர் ஆண்டு வெளியே இருந்து காட்ட வேண்டும், அப்புறம்தான் உள்ளே.

சுவரில் ஒரு திறப்பு

கட்டடங்களிலும் இதே எண்ணம் தெரிகிறது. கெல்லியாவில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காத தூரத்தில் அறைகள் இருந்தன. ஆனால் சனியும் ஞாயிறும் எல்லோரும் கோயிலில் கூட வேண்டும். யாராவது வரவில்லை என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள், உடனே ஆள் போகும். இடைக்கால இங்கிலாந்தில் கோயில் சுவரை ஒட்டிய அறையில் அடைபட்டு வாழ்ந்த பெண் துறவியருக்கு, பீடத்தைப் பார்க்க ஒரு சன்னல், பணிப்பெண்ணுக்கு ஒரு சன்னல், அறிவுரை கேட்டு வருகிறவர்களுக்குத் திரையிட்ட ஒரு சன்னல் என்று இருக்கும். தன் காட்சிகளை எழுதிவைத்த நார்விச் ஜூலியன் அம்மையார் அப்படித்தான் வாழ்ந்தார். 13ஆம் நூற்றாண்டில் இவர்களுக்கென்று எழுதிய ஒரு கையேடு, பூனை ஒன்றைத் தவிர வேறு பிராணி கூடாது என்கிறது. பசு வைத்தால் தீவனத்தை நினைக்க வேண்டும், அது அடுத்தவர் நிலத்தில் மேய்ந்தால் சண்டைக்குப் போக வேண்டும், பெண் துறவி குடும்பக்காரி ஆகிவிடுவாள்! ஒருவருடைய தனிமையைப் பசு எப்படித் தின்றுவிடும் என்று யோசித்துப் பார்த்து எழுதியவர், இந்த விஷயம் தெரிந்தவர்.

இந்தக் கலையின் உச்சம், தனித்தனி அறைகளில் வாழும் கார்த்தூசியர் என்ற துறவற சபையினர். 1084இல் புரூனோ ஆறு தோழர்களோடு கிரெனோபிள் அருகே மலைக்குள் போனார்; அவர்களுடைய வழக்கங்களை 1120களில் எழுத்தில் வைத்தவர் ஐந்தாம் தலைவர் குயிகோ. அறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவர் போடும் பட்டியல் துறவிக்குச் சற்று அதிகமாகவே தோன்றும்: ஊசி, நூல், கத்தரி, எழுதுகோல், சுண்ணக்கட்டி, எழுதும் தோலைத் தேய்க்கும் கல், மைக்கொம்பு, பேனாக்கத்தி, பானை, கரண்டி, உப்பு, சிக்கிமுக்கி, கோடரி. நூலகத்திலிருந்து ஒரு நேரத்துக்கு இரண்டு நூல். புகையும் தூசியும் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை எதற்கு என்று கேட்பவருக்கும் பதில் சொல்கிறார்: ஏதாவது ஒன்று இல்லையென்றால் அதைச் சாக்கிட்டு அறையை விட்டு வெளியே வருவான். பத்து மணிப் பிசாசைத் தெரிந்த மனிதர். ஒரு கரண்டிக்குள்கூட அது ஒளிந்திருக்கும் என்று கண்டுபிடித்து, கரண்டியை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்.

இன்றும் கார்த்தூசியத் துறவிக்கு உணவு சுவரில் உள்ள சிறு திறப்பின் வழியாகத்தான் வருகிறது. தூக்கம் இரண்டு துண்டு; நள்ளிரவை ஒட்டி எழுந்து கோயிலில் இரண்டு மூன்று மணி நேரம் பாடிவிட்டு மறுபடி படுக்கை. இறைச்சி ஒருநாளும் கிடையாது. செப்டம்பர் நடுவிலிருந்து உயிர்ப்பு வரை ஒருவேளைச் சாப்பாடு. இதெல்லாம் எல்லோரும் சொல்வது. குறைவாகச் சொல்லப்படுவது, வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சில மணி நேரம் வெளியே நடந்துபோக வேண்டும், பேச வேண்டும் என்பது. சேர்ந்து பேச முடியாதவனுக்கு அறை கொடுத்தால் அது அவனைத் தின்றுவிடும். இறுதி வார்த்தைப்பாடு, அதாவது வாழ்நாள் முழுமைக்குமான துறவற வாக்குறுதி, கொடுக்கவும் பல ஆண்டுகள் ஆகும். எந்த மடத்திலும் சேராமல் தனித்துறவியாக வாழ விரும்பும் கத்தோலிக்கருக்கு 1983 திருச்சபைச் சட்டத்தின் 603ஆம் விதி வழிவிடுகிறது. அங்கேயும் ஆயர் கையில் வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டும், வாழ்க்கைத் திட்டம் ஒன்றை ஏற்று அவருடைய வழிகாட்டுதலில் கடைப்பிடிக்க வேண்டும். யாருக்கும் பதில் சொல்லாத தனித்துறவி என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை.

பதில் சொல்வது என்றால் பெரிய பாவங்களை அறிக்கையிடுவது மட்டுமல்ல. அறையில் எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை துளி தண்ணீர் குடிக்கிறோம் என்பதைக்கூட முடிந்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றார் அந்தோனியார். பேரரசரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த அர்செனியுஸ், எழுத்தறியாத ஓர் எகிப்திய விவசாயப் பெரியவரிடம் தன் எண்ணங்களைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை படித்தவர் இவரிடமா என்று வியந்தவரிடம், "லத்தீனும் கிரேக்கமும் எனக்குத் தெரியும், இவருடைய அரிச்சுவடியை இன்னும் படிக்கவில்லை" என்றார்.

எதற்காக இத்தனையும்?

இதயத் தூய்மைக்காக என்கிறார் கசியானின் நூலில் வரும் மோசே. நோன்பும் விழிப்பும் தனிமையும் அதற்கான கருவிகள். கருவியைக் காப்பாற்ற நோக்கத்தை விட்டால் நட்டம்தான். நோன்பால் வரும் லாபம் கோபத்தால் வரும் இழப்புக்கு ஈடாகாது. அதனால்தான் விருந்தாளி வந்தால் எகிப்திய மூப்பர்கள் நோன்பை முறித்து உடன் உட்கார்ந்தார்கள். நோன்பு எப்போதும் என்னோடு இருக்கும், உங்களை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். தூய்மையான மனதில் செபம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தோனியார் சொன்னதாகக் கசியான் தரும் அளவுகோல் ஒன்று உண்டு: தன்னையோ, தான் செபிப்பதையோ துறவி உணர்ந்துகொண்டிருக்கும் வரை அது முழுமையான செபம் இல்லை. "எனக்கு நல்ல அமைதி கிடைத்தது" என்று சொல்ல நாக்கு எழும்வரை நாம் இன்னும் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

தனிமையிலிருந்து திரும்பி வந்தவர்களையும் இந்த மரபு தோற்றவர்களாக எண்ணவில்லை. கசியான் சந்தித்த மூப்பர் யோவான் நெடுநாள் பாலைவனத்தில் தனித்திருந்தவர். பாலைவனத்தில் ஆட்கள் பெருகிவிட்டார்கள், வருவோர் போவோர் தொல்லை, நாளைச் சாப்பாட்டுக்கு என்ன என்ற கவலை. அதைவிட மடத்தில் ஒருவருக்குக் கீழ்ப்படிந்து கிடப்பது மேல் என்று திரும்பிவிட்டார்.

வீட்டில் இருந்துகொண்டு இதில் ஒரு துளியாவது முயன்று பார்க்க நினைப்பவருக்கு இவர்கள் எழுதியதிலிருந்து தேறுவது கொஞ்சம்தான், ஆனால் உருப்படியானது. நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். அன்றன்றைக்கு மனம்போல முடிவு செய்தால் பத்து மணிதான் முடிவு செய்யும். தேவையானதை எல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், தண்ணீர் உட்பட. ஆரம்பத்தில் கால் மணி நேரம் தாராளம். பாதியில் எழ வேண்டும் என்று தோன்றும் நல்ல காரியத்தை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, மணி முடிந்த பிறகு செய்யலாம். பெரும்பாலானவை அதற்குள் அவசரத்தை இழந்திருக்கும். முடியவில்லை என்றால் நேரத்தைக் குறைக்கலாம், இடத்தை மாற்றக் கூடாது. நோன்பு, இரவு விழிப்பு இரண்டையும் கேட்காமல் கூட்டக் கூடாது. யாரிடம் கேட்பது என்பதை முதல் நாளைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அது நம்மைப் புகழ்பவராக இல்லாமல் இருந்தால் நல்லது.